கடலின் மூன்று அசைவுகள்: வற்றுப்பெருக்கு, அலை, பேரலை பற்றிய அறிவின் வரலாறு

கடலை அண்டி வாழ்ந்த மக்கள் யாவரும் அதன் அசைவுகளுக்குப் பெயரிட்டிருக்கின்றனர். தமிழில் அலை, திரை, ஓதம், வற்று, பெருக்கு, கடற்கோள் என வழங்கும் சொற்கள் பல. ஆயினும் பெயரிடுதல் வேறு. காரணம் அறிதல் வேறு. கடற்பரப்பில் நிகழும் அசைவுகளுள் மூன்றினை இன்றைய பௌதிகம் தெளிவாக வேறுபடுத்துகின்றது. காற்றினால் எழுந்து சில செக்கன்களுக்கு ஒருமுறை கரையை அடைவது அலை. சந்திர சூரியரின் ஈர்ப்பினால் எழுந்து பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குவது வற்றுப்பெருக்கு. கடற்படுக்கை திடீரெனப் பெயர்வதாலும், எரிமலை வெடிப்பு, நிலச்சரிவு ஆகியவற்றாலும் எழுவது பேரலை. யப்பானியச் சொல்லால் சுனாமி எனப்படுவதும் இதுவே.

இம்மூன்றின் இயல்புகளும் ஒரே காலத்தில் அறியப்பட்டனவல்ல. தவறாது மீண்டுவரும் வற்றுப்பெருக்கே முதலில் கணிதத்துக்கு வசப்பட்டது. ஓயாது வரினும் ஒழுங்கின்றி வரும் அலை, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் எதிர்வுகூறலுக்கு அடங்காதிருந்தது. தலைமுறைகள் பல கழிந்து ஒருமுறை வரும் பேரலையோ, கண்டவர் மறைந்தபின் கதையாகி, கதையும் மறைந்தபின் இல்லாத ஒன்றாகவே கருதப்பட்டது. மீண்டுவருவதை அறிதற்கு அவதானமும் கணிதமும் போதுமாயின. அரிதாக வருவதை அறிதற்கு இவற்றோடு நினைவும் வேண்டியதாயிற்று. கடல் பற்றிய அறிவின் வரலாறு உணர்த்தும் உண்மை இதுவேயாகும்.

வற்றுப்பெருக்கு: மீண்டுவருவதன் கணிதம்

மத்தியதரைக் கடலில் வற்றுப்பெருக்கு மிகச் சிறிது. ஆதலின் பண்டைய கிரேக்கர் பலர் அதனை நன்கறியாதிருந்தனர். கி.மு. 325 இல் அலெக்சாந்தரின் கப்பற்படை சிந்து நதியின் முகத்துவாரத்தை அடைந்தபோது, நீர் வற்றிக் கலங்கள் தரைதட்டி நின்றதையும், பின்னர் பெருக்கு விரைந்து வந்து அவற்றை மோதியதையும் கண்டு படையினர் திகைத்தனர் எனப் பண்டைய வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். ஏறத்தாழ அதே நூற்றாண்டில் மசாலியா நகரத்துப் பைதியாசு என்னும் மாலுமி பிரித்தானியக் கரை வரையில் சென்று, வற்றுப்பெருக்கினைச் சந்திரனோடு தொடர்புபடுத்தினான். கி.மு. முதலாம் நூற்றாண்டில் பொசிடோனியசு என்னும் அறிஞர் இசுபானியாவின் அத்திலாந்திக்குக் கரையிலுள்ள காதிசில் தங்கி, பெருக்கு நாள்தோறும் மாறுவதையும், அமாவாசை, பூரணை நாள்களில் மிகுந்து அவற்றினிடைப்பட்ட நாள்களில் குறைவதையும் முறையாக அவதானித்தார்.

நூலறிவு இவ்வாறு வளர, துறைமுகங்களின் அறிவு வேறொரு வழியில் வளர்ந்தது. கி.பி. 725 இல் இங்கிலாந்துத் துறவியான பீட் என்பவர், பெருக்கு எழும் நேரம் ஒவ்வொரு துறைக்கும் வெவ்வேறாக அமைவதையும், ஆயினும் ஒவ்வொரு துறையும் சந்திரனோடு தனக்குரிய இடைவெளியை மாறாது பேணுவதையும் எடுத்துக் கூறினார். ஒன்பதாம் நூற்றாண்டில் அபூ மஃசர் அரபு மொழியில் எழுதிய நூலில் வற்றுப்பெருக்குப் பற்றிய விரிவான பகுதியொன்று இடம்பெற்றது. அது பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பியக் கல்விக்கூடங்களை அடைந்தது. சீனாவில் சியான்தாங் ஆற்றில் எதிரேறும் பெருக்கின் நேரங்களைக் கூறும் அட்டவணை 1056 இல் ஆக்கப்பட்டது. காரணம் அறியப்படுமுன்னரே காலம் அறியப்பட்டுவிட்டது என்பது இங்கு நோக்கத்தக்கது.

காரணத்தைத் தேடியோரிடையே பதினேழாம் நூற்றாண்டில் கருத்து வேறுபாடு தோன்றிற்று. சந்திரன் கடல்நீரைத் தன்பால் ஈர்க்கின்றது எனக் கெப்லர் 1609 இல் எழுதினார். கலிலியோ இதனை மறைபொருட் கற்பனை எனத் தள்ளினார். பூமி தன் அச்சிற் சுழல்வதும் சூரியனைச் சுற்றுவதும் சேர்ந்து கடலைத் தளும்பச் செய்கின்றன என்பதே 1632 இல் வெளிவந்த நூலில் அவர் நிலைநாட்ட முயன்ற கொள்கை. பூமி அசைகின்றது என்பதற்கு அவர் கருதிய வலிய சான்றும் அதுவே. ஆனால் அக்கொள்கைப்படி பெருக்கு நாளுக்கு ஒருமுறையே நிகழ்தல் வேண்டும்; கடலோ இருமுறை பெருகிற்று. முடிவு சரியாயினும் அதற்கு அவர் காட்டிய சான்று பிழையாயிற்று.

1687 இல் வெளிவந்த நியூற்றனின் நூல் இப்பிணக்கைத் தீர்த்தது. சந்திரனை நோக்கிய பக்கத்து நீர், பூமியின் மையத்திலும் பார்க்க வலிதாக ஈர்க்கப்படுகின்றது. எதிர்ப்பக்கத்து நீர் மெலிதாக ஈர்க்கப்படுகின்றது. இவ்வேறுபாட்டினால் இருபக்கமும் நீர் புடைக்கின்றது. பூமி ஒருமுறை சுழல்வதற்கிடையில் சந்திரனும் சிறிது நகர்ந்துவிடுவதால், இரு பெருக்குகளுக்கிடையே ஏறத்தாழ 12 மணித்தியாலமும் 25 நிமிடமும் கழிகின்றன. சூரியனின் பெருக்கெழுப்பும் விசை சந்திரனுடையதன் பாதியிலும் சற்றுக் குறைவு. அமாவாசையிலும் பூரணையிலும் இரு விசைகளும் ஒருமித்து இயங்குகின்றன. அரைமதி நாள்களில் ஒன்றையொன்று குறைக்கின்றன.

எனினும் நியூற்றனின் விளக்கம் கடல் முழுவதும் அசைவின்றி ஈர்ப்புக்கு இணங்கி நிற்பதாகக் கொண்டது. பிரெஞ்சு அறிஞர் இலாப்பிளாசு 1775 ஆம் ஆண்டு முதல் இக்குறையை ஆராய்ந்தார். சந்திரனுக்கு நேர் கீழுள்ள புள்ளி பூமத்தியரேகையில் மணிக்கு ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் வேகத்தில் விரைகின்றது. 4,000 மீற்றர் ஆழமுள்ள சமுத்திரத்தில் நெடிய அலையொன்று செல்லக்கூடிய வேகமோ மணிக்கு 710 கிலோமீற்றர் அளவினதே. ஆகவே நீர்ப்புடைப்பு சந்திரனைத் தொடர்ந்து ஓட இயலாது. அது கண்டங்களால் தடைப்பட்டு, பூமியின் சுழற்சியால் திசை திரும்பி, ஒவ்வொரு சமுத்திரத்தின் வடிவுக்கும் ஆழத்துக்கும் ஏற்ப ஊசலாடுகின்றது. கனடாவின் பண்டி விரிகுடாவில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையிலான உயரம் 16 மீற்றர் வரை செல்வதும், இலங்கைக் கரையில் அது ஒரு மீற்றருக்கும் குறைவாக அமைவதும் இதன் பயனாகும்.

கோட்பாடு இவ்வாறு சிக்கலுற்றபோது அளவை துணைநின்றது. 1835 யூன் மாதத்தில் இங்கிலாந்து அறிஞர் வில்லியம் கியூவெலின் முயற்சியால் ஒன்பது நாடுகளில் அறுநூறுக்கு மேற்பட்ட இடங்களில் ஒரே காலத்தில் வற்றுப்பெருக்கு அளக்கப்பட்டது. 1867 அளவில் கெல்வின் பிரபு, பெருக்கின் ஏற்ற இறக்கத்தைப் பல எளிய அலைவுகளின் கூட்டாகப் பகுக்கும் முறையை வகுத்தார். அவ்வலைவுகளை மீண்டும் கூட்டி எதிர்காலப் பெருக்கினைத் தாளில் வரையும் பொறியொன்றும் 1870களின் தொடக்கத்தில் உருவாயிற்று. இந்தியத் துறைமுகங்களின் தேவைக்கெனத் தனிப்பொறியொன்று 1879 இல் ஆக்கப்பட்டது. இவற்றின் பயனாக, ஒரு துறையில் அடுத்த ஆண்டு குறித்த நாளில் எந்நேரத்தில் நீர் எவ்வளவு உயரும் என்பதைக் கூறுதல் வழமையான தொழிலாயிற்று.

அலை: ஒழுங்கின்மையின் ஒழுங்கு

நாள்தோறும் காணப்படும் அலை இவ்வாறு எளிதில் வசப்படவில்லை. அலையில் முன்னேறுவது நீரன்று, வடிவமே என்பது முதலில் உணரப்படவேண்டியதாயிற்று. ஆழ்கடலில் நிற்கும் வள்ளமொன்று அலை வரும்போது மேலெழுந்து சிறிது முன்செல்கின்றது, தாழும்போது பின்வருகின்றது, முடிவில் ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நிற்கின்றது. நீர்த்துணிக்கைகள் வட்டப்பாதையிற் சுழல்கின்றன என்னும் கணித விளக்கத்தை 1802 இல் கெர்சிற்னர் வெளியிட்டார். 1825 இல் வெபர் சகோதரர் கண்ணாடித் தொட்டியில் அலையெழுப்பி அதனைச் சோதித்தனர். பின்னர் ஏரி 1845 இலும், சிற்றோக்சு 1847 இலும் அலைக் கோட்பாட்டை விரிவுபடுத்தினர்.

இவ்வட்டங்கள் ஆழம் செல்லச் செல்லச் சுருங்கி, அலைநீளத்தின் பாதியளவான ஆழத்தில் ஏறத்தாழ மறைகின்றன. நூறு மீற்றர் நீளமான அலையை ஐம்பது மீற்றர் ஆழத்திலுள்ளது அறியாது. கரையை அணுகும்போது அடித்தளம் அலையைத் தடுக்க, அலை வேகங்குறைந்து, நெருங்கி, உயர்ந்து, தன் உயரமும் நீரின் ஆழமும் ஏறத்தாழ ஒத்துவரும் நிலையில் முறிகின்றது.

ஆனால் உண்மைக் கடலில் ஒரே அளவான அலைகள் வரிசையாக வருவதில்லை. வெவ்வேறு திசையிலும் நீளத்திலுமுள்ள பல அலைகள் ஒன்றன்மேலொன்று படிந்து வருகின்றன. இதற்கு விடைகாணும் அவசரத்தை இரண்டாம் உலகப்போர் ஏற்படுத்திற்று. படையிறங்கும் நாளில் கரையலை எவ்வாறிருக்கும் என்பதை முன்னறியும் பொருட்டு, அமெரிக்காவில் பணியாற்றிய சுவேர்ட்ரப், வால்டர் மங்க் ஆகிய இருவரும், காற்றின் வேகம், அது வீசும் காலம், அது தடையின்றி வீசும் கடற்பரப்பின் நீளம் ஆகிய மூன்றிலிருந்தும் அலையைக் கணிக்கும் முறையை வகுத்தனர். தனியொரு அலையைக் கூறாது, உயர்ந்த மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரி உயரத்தைக் கூறியது இம்முறையின் சிறப்பு. 1944 யூன் 6 ஆம் திகதி நோர்மண்டிக் கரையில் நிகழ்ந்த படையிறக்கத்துக்கு, அலை இம்முறையாலும், வற்றுப்பெருக்கு இலிவர்ப்பூலில் டூட்சனின் பொறிகளாலும் கணிக்கப்பட்டன. அன்டாட்டிக்கா அண்மையிலெழும் புயலின் அலைகள் பசுபிக் சமுத்திரம் முழுவதையும் கடந்து அலாசுக்காக் கரையை அடைவதை மங்கும் அவர்தம் குழுவினரும் 1963 இல் தொடர்ந்து அளந்து காட்டினர். ஒழுங்கின்மைக்குள்ளும் புள்ளிவிபர ஒழுங்கு உண்டென்பது இவ்வாறு தெளிவாயிற்று.

பேரலை: அரிதாக வருவதன் வரலாறு

கி.மு. 426 இல் கிரேக்கத்தின் யூபோயாக் கரையில் கடல் பின்வாங்கி மீண்டு நிலத்தை மூடியதைக் குறித்த தூசிடிடிசு, புவிநடுக்கமே அதற்குக் காரணம் எனத் தெளிவாக எழுதினார். கி.பி. 365 யூலை 21 ஆம் திகதி நிகழ்ந்த பேரலையை அம்மியானசு என்னும் வரலாற்றாசிரியர் பதிந்துள்ளார்: கடல் வற்றிய தரையில் மக்கள் இறங்கி மீன்களைக் கையாற் பொறுக்கினர், திரும்பிவந்த நீர் அவர்களை மூடிற்று. இச்செய்திகள் நூல்களில் இருந்தன. எனினும் கடற்கரைகளில் வாழ்ந்தோர் நினைவில் அவை இருக்கவில்லை.

தமிழ் மரபும் இதற்கு விலக்கன்று. புகார் நகரைக் கடல்கொண்டமை மணிமேகலையிற் கூறப்படுகின்றது. பாண்டிநாட்டைக் கடல்கொண்டமை இறையனார் களவியல் உரையிற் கூறப்படுகின்றது. களனித் தீசனின் நாட்டினுட் கடல் புகுந்தமை பற்றிய கதை இலங்கையின் பாளி, சிங்கள நூன்மரபில் வழங்குகின்றது. இவற்றிலிருந்து குறித்த நிகழ்ச்சியொன்றின் காலத்தையோ அளவையோ பெறுதல் இயலாது. புகாரின் அழிவுக்கு இந்திரவிழா கைவிடப்பட்டமையும், களனியின் துன்பத்துக்கு அரசன் இழைத்த தீங்கும் காரணமாக்கப்பட்டன. கடல் நிலத்தினுட் புகும் என்னும் அச்சம் பேணப்பட்டது; எப்போது, எவ்வாறு புகும் என்னும் அறிவு பேணப்படவில்லை.

1755 நவம்பர் 1 ஆம் திகதி இலிஸ்பன் நகரைப் புவிநடுக்கமும் தீயும் பேரலையும் அழித்தபோது புதியதொரு போக்குத் தோன்றிற்று. போர்த்துக்கல் அரசு ஒவ்வொரு பங்குக்கும் வினாக்கொத்து அனுப்பியது. கடல் முதலில் உயர்ந்ததா தாழ்ந்ததா, எவ்வளவு உயர்ந்தது என்பனவும் அதில் வினவப்பட்டன. பேரழிவு தெய்வசித்தம் என விளக்கப்பட்ட காலத்திலே அதனை அளக்கவும் முற்பட்டமை ஒரு திருப்பமாகும்.

அடுத்த படிக்கு வழிவகுத்தது வற்றுப்பெருக்கே என்பது வியப்புக்குரியது. 1854 திசெம்பரில் யப்பானின் கரையில் எழுந்த பேரலை, பசுபிக்கைக் கடந்து கலிபோர்ணியாவிலிருந்த வற்றுப்பெருக்குமானிகளில் சிறு நடுக்கமாகப் பதிந்தது. நெடிய அலையின் வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதசமமானது என்பதை இலக்ராஞ்சு முன்னரே காட்டியிருந்தார். அலை வந்துசேர எடுத்த காலத்தைக்கொண்டு பசுபிக்கின் சராசரி ஆழம் 4 கிலோமீற்றரையொட்டியது என அமெரிக்கக் கரையளவைத் தலைவர் பாச்சு 1856 இற் கணித்தார். ஆழ்கடலின் அளவு நூலிறக்கி அறிவதற்குக் கடினமாயிருந்த அக்காலத்தில் இஃது அரிய சாதனையாகும். நாள்தோறும் மீண்டுவருவதை அளக்க நாட்டப்பட்ட கருவி, அரிதாக வருவதையும் பதிந்துவைத்தது.

வங்காள விரிகுடாவிலும் இதுவே நிகழ்ந்தது. 1881 திசெம்பர் 31 ஆம் திகதி நிக்கோபார்த் தீவுகளையண்டி நிகழ்ந்த புவிநடுக்கத்தின் பேரலை, சென்னை, நாகபட்டினம் முதலிய துறைகளின் மானிகளிற் பதிந்தது. 1883 ஓகத்து 27 இல் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோது எழுந்த பேரலை, சுந்தா நீரிணையின் இருகரையிலும் 36,000 இற்கு மேற்பட்டோரை அழித்தது. அதன் தேய்ந்த அசைவுகள் இந்தியக் கரைகளின் மானிகளிற் பதிவாயின. காலியிற் கடல் பின்வாங்கி மீண்டது. எனவே சுமாத்திரா, நிக்கோபார்ப் பகுதியிலிருந்து எழும் பேரலை இந்து சமுத்திரத்தைக் கடந்து இலங்கையையும் இந்தியாவையும் அடையக்கூடியது என்பதற்கு 2004 இற்கு 120 ஆண்டுகள் முன்னரே எழுத்திற் சான்று இருந்தது.

யப்பானில் 1896 யூன் 15 ஆம் திகதி சன்ரிக்குக் கரையைத் தாக்கிய பேரலை ஏறத்தாழ 22,000 உயிர்களைக் கொண்டது. நிலம் மெதுவாகவே நடுங்கியமையால் மக்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஆழ்கடலில் நின்ற மீனவர் தம் கலங்களின் கீழ் அலை கடந்ததை அறியாது, கரை திரும்பியபோதே அழிவைக் கண்டனர். துறைமுக அலை எனப் பொருள்படும் சுனாமி என்னும் சொல்லின் பொருத்தத்தை இந்நிகழ்ச்சி விளக்குகின்றது.

ஆழ்கடலில் உணரப்படாதது கரையில் உயர்வது எங்ஙனம்? காற்றலை மேல்நீரை மட்டும் அசைப்பது. பேரலை அடிமுதல் மேற்பரப்பு வரை நீர்முழுவதையும் அசைப்பது. அதன் நீளம் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர். 4,000 மீற்றர் ஆழத்தில் மணிக்கு 710 கிலோமீற்றர் வேகத்திற் செல்வது, 10 மீற்றர் ஆழத்தில் மணிக்கு 36 கிலோமீற்றராகக் குறைகின்றது. முன்பகுதி வேகங்குறைய, பின்பகுதி நெருங்கிவர, சக்தி குறுகிய நீரில் ஒடுங்கி உயரம் கூடுகின்றது. இவ்விரு ஆழங்களுக்குமிடையில் உயரம் ஏறத்தாழ நாலரை மடங்காகும் என்பது 1830களில் கிறீன் கண்ட விதியிலிருந்து பெறப்படும். கரையின் வடிவம் அதனை மேலும் கூட்டக்கூடும். மூன்று மீற்றர் காற்றலை முறிந்து சில செக்கன்களில் மீள்கின்றது. மூன்று மீற்றர் பேரலையோ கடலே உயர்ந்ததுபோல நிமிடக்கணக்கில் உள்நோக்கிப் பாய்கின்றது. இரண்டும் ஒரே உயரமாயினும் ஒரே தன்மையினவல்ல.

எச்சரிக்கையும் அதன் எல்லையும்

1946 ஏப்பிரல் 1 ஆம் திகதி அலூசியன் தீவுகளில் எழுந்த பேரலை அவாய்த் தீவுகளில் 159 பேரைக் கொன்றதையடுத்து, 1949 இல் அங்கு எச்சரிக்கை நிலையம் அமைக்கப்பட்டது. 1960 மே 22 இல் சில்லி நாட்டில் நிகழ்ந்த 9.5 அளவான புவிநடுக்கத்தின் பேரலை, ஏறத்தாழ 15 மணித்தியாலத்தின் பின் அவாயின் இலோ நகரை அடைந்தது. எச்சரிக்கை ஒலி முன்னரே எழுப்பப்பட்டது. எனினும் அதன் பொருள் விளங்காமையால் பலர் விலகிச்செல்லவில்லை. 61 பேர் மாண்டனர். ஒலி கேட்டல் வேறு, அதன்வழி ஒழுகல் வேறு என்பது அன்று வெளிப்பட்டது. 1965 இல் பசுபிக் நாடுகள் யுனெசுகோவின் கீழ் ஒன்றிணைந்த எச்சரிக்கை முறையொன்றை அமைத்தன. பேரலை அரிதாகவே வந்த இந்து சமுத்திரத்தில் அத்தகைய முறை அமையவில்லை.

2004 திசெம்பர் 26 ஆம் திகதி காலை சுமாத்திராவின் வடமேற்கே 9.1 அளவான புவிநடுக்கம் நிகழ்ந்தது. ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் நீளத்துக்குப் புவியோட்டு விளிம்பு பிளந்து கடற்படுக்கையைப் பெயர்த்தது. இரண்டு மணித்தியாலத்தின் பின் வங்காள விரிகுடாவின் மேலாகச் சென்ற யாசன் செய்மதி அளந்த அலையுயரம் திறந்த கடலில் ஏறத்தாழ 60 சதமமீற்றரே. அதற்குள் அவ்வலை இலங்கையின் கிழக்குக் கரையைத் தாக்கியிருந்தது. தீவைச் சுற்றி வளைந்து, தெற்கு, மேற்குக் கரைகளையும் அது அடைந்தது. அம்பாறை, மட்டக்களப்பு, முல்லைத்தீவு, யாழ்ப்பாணம், அம்பாந்தோட்டை, காலி முதலிய மாவட்டங்களில் இறந்தோரும் காணாமற்போனோரும் 35,000 இற்கு மேற்பட்டனர். பெரலியவில் புகையிரதமொன்றில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அலை வரும்வரை கிழக்குக் கரைக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மணித்தியாலம் கிடைத்திருந்தது. பௌதிக விதி இருந்தது, பழைய பதிவு இருந்தது, காலமும் இருந்தது. அவற்றைக் கரைக்குக் கொண்டுசேர்க்கும் வழியே இருக்கவில்லை.

அன்று பூரணை தினமாயிருந்தமையும் கருதத்தக்கது. பூரணையில் வற்றுப்பெருக்கு மிகுதல் உண்மையே. ஆயினும் இலங்கைக் கரையில் அம்மிகை மிகச் சிறிது. கடற்படுக்கை பெயர்ந்தமையே பேரலையின் காரணம். ஓதப்பேரலை என இதனை வழங்குவது இருவேறு அசைவுகளை மயக்கும் வழக்காகும்.

கடல் வற்றினாலே பேரலை வரும் என்னும் நம்பிக்கையும் முழுமையானதன்று. கடற்படுக்கை உயர்ந்த பக்கத்தை நோக்கிய இலங்கை, இந்தியக் கரைகளை முதலில் அடைந்தது நீரேற்றமே. தாழ்ந்த பக்கத்தை நோக்கிய தாய்லாந்துக் கரையில் முதலிற் கடல் வற்றியது. இலங்கையின் பல இடங்களில் முதல் ஏற்றத்தின் பின்னரே கடல் விலகி, அதனிலும் பெரிய அலை வந்தது. வற்றிய தரையைக் காணச் சென்றோர் 365 ஆம் ஆண்டிற் போன்றே 2004 இலும் மாண்டனர்.

இதற்கு மாறான சான்றொன்றும் அதே நாளில் உண்டு. புவிநடுக்க மையத்துக்கு மிக அண்மையிலுள்ள சிமெலுவே தீவில் ஏறத்தாழ 78,000 மக்களுள் ஏழுபேரே மாண்டனர். 1907 இல் அங்கு நிகழ்ந்த பேரலையை அம்மக்கள் ஸ்மொங் என்னும் சொல்லாற் குறித்து, நிலம் வலிதாக நடுங்கிக் கடல் விலகினால் மேட்டுக்கு ஓடுக எனக் கதையாகப் பிள்ளைகளுக்குக் கூறிவந்தனர். அக்கதையில் அச்சத்தோடு அறிகுறியும் செயலும் இணைந்திருந்தன. யப்பானின் அனேயோசிக் கிராமத்தில், 1933 இன் பேரலைக்குப் பின் நாட்டப்பட்ட கல், அவ்விடத்திற்குக் கீழே வீடு கட்டலாகாது என விதித்தது. 2011 மார்ச் 11 இன் பேரலை அக்கல்லுக்குக் கீழேயே நின்றது.

எழுத்தும் கதையும் எட்டாத காலத்தை இன்று மண்ணியல் ஆராய்கின்றது. அம்பாந்தோட்டையை அண்டிய கரகன் களப்பின் சேற்றிடையே, பண்டைய பேரலைகள் கொணர்ந்த மணற்படைகள் கண்டறியப்பட்டுள்ளன. 2004 இல் நிகழ்ந்தது இத்தீவின் கரைக்குப் புதியதன்று என்பதை அவை உணர்த்துகின்றன. 2011 முதல் இந்து சமுத்திரத்துக்கு அவுத்திரேலியா, இந்தியா, இந்தோனேசியா ஆகிய நாடுகள் எச்சரிக்கைத் தகவல் வழங்கத் தொடங்கின. ஆழ்கடல் அமுக்கமானிகள் சில சதமமீற்றர் உயர்வையும் அறிவிக்கின்றன. 2012 ஏப்பிரல் 11 இல் சுமாத்திராவை அண்டி 8.6 அளவான புவிநடுக்கம் நிகழ்ந்தபோது இலங்கைக் கரையோர மக்கள் உள்நாட்டுக்கு விலகினர். பெரும் அலை எழவில்லை. ஆனால் வீணான விலகல் பல நேருமாயின் நினைவு தளரும் என்பதும் மறக்கத்தக்கதன்று.

வற்றுப்பெருக்கை எவரும் மறந்துவிட இயலாது. அது நாளுக்கு இருமுறை தன்னை நினைவூட்டுகின்றது. அலை ஒவ்வொரு கணமும் நினைவூட்டுகின்றது. பேரலை மட்டும் தன்னை நினைவூட்டுவதில்லை. அதனை நினைவூட்டும் கடமை மனிதருடையது. 2004 இன் பின் பிறந்தோர் இன்று வளர்ந்து பல்கலைக்கழகங்களிற் பயில்கின்றனர். அவர்களுக்கு அந்நாள் கேள்விச்செய்தியே. அக்கேள்விச்செய்தி புகாரின் கதைபோல அச்சமாக மட்டும் எஞ்சுமா, சிமெலுவேயின் கதைபோல அறிவாக நிலைக்குமா என்பதே அடுத்த பேரலையின்போது கரையில் நிற்போரின் விதியைத் தீர்மானிக்கும்.